புதன்கிழமைக் கூட்டத்தில் ஒரு கேள்வி

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும், வீட்டுக் கூட்டங்களை வயது வாரியாகப் பிரித்துவிடலாமா என்று நம் ஆயர் கேட்டாரே, அப்போது முதலில் "சரிங்க ஐயா" என்றவள் நான்தான். உங்களில் பலர் எனக்குப் பிறகுதான் தலையாட்டினீர்கள். பிள்ளைகளுக்குத் தனி, வாலிபருக்குத் தனி, முதியவர்களுக்குத் தனி. நாற்பதைத் தாண்டி, கண்ணாடி இல்லாமல் பாட்டுப் புத்தகம் தெரியாத நமக்கும் ஒன்று. யார் வீட்டுக் குழந்தையும் நடுவில் அழாது. யாருடைய மாமனாரும் ஜெபத்தின் பாதியில் எழுந்து தண்ணீர் கேட்கமாட்டார். நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வருகிற எனக்கு அது பெரிய நிம்மதியாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான் சுருக்கென்றது. இதே பேச்சை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன். அப்போது எனக்குப் பதினோரு வயது. அன்றைக்கு அதை எதிர்த்தவளும் நான்தான். எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. அதனால்தான் என் வயதுக்காரர்களான உங்களுக்கு இதை எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்கள் என்ன வேண்டுமானாலும் முடிவு செய்யுங்கள். என் முடிவை நான் எடுத்துவிட்டேன்.

ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், எங்கள் மண்ணூரைச் சுற்றிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. நெல் விளைந்த இடத்தில் ஒரு நாள் கம்பி வேலி நிற்கும்; அடுத்த மாதம் பார்த்தால் நீலத் தகரக் கூரை. எங்கள் தெருவில் இருந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் ஆறோ ஏழோதான். புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு யாராவது ஒருவர் வீட்டில் கூட்டம். சிவப்பும் நீலமும் பட்டை போட்ட ஒரு பெரிய ஜமுக்காளம் வாராவாரம் வீடு வீடாகப் போகும். அது பிறகு யாரிடம் தங்கிப்போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அதன் வாசனை மட்டும் எனக்கு இன்னும் மறக்கவில்லை: கொசுவர்த்திச் சுருளும் காராமணிச் சுண்டலும் யாரோ ஒரு குழந்தையின் மூத்திரமும் கலந்த வாசனை.

கூட்டத்தை நடத்தியவர் உபதேசியார். ஆயர் இல்லாத எங்கள் ஊர்ச் சின்னக் கோயிலுக்கு அவர்தான் எல்லாம். வேன் ஓட்டுகிற மாமாவும் அவர் மனைவியும் வருவார்கள். தையற்கார அக்கா தன் நாலு வயது மகளோடு வருவாள். அந்தக் குட்டி ஒரு மடியில் உட்கார்ந்து இன்னொரு மடியில் தூங்கும். யாரோடு வீட்டுக்குப் போகிறது என்று கடைசியில் தேட வேண்டும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்த காது கேளாத தாத்தா ஒருவர் வருவார். உபதேசியார் ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே "மழை வருமா?" என்று சத்தமாகக் கேட்பார். சிரிப்பை அடக்க முடியாமல் நாங்கள் ஜமுக்காளத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்வோம்.

பிறகு, தெற்கத்தி அண்ணன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, எங்கள் தெருவில் ஓர் அறையில் தங்கியிருந்தவன். இருபது, இருபத்தொன்று வயது இருக்கும். அப்பாவும் அவனும் ஒரே கம்பெனியில், தகடு அழுத்தி வெட்டும் பிரஸ் மிஷினில் வேலை பார்த்தார்கள். அவன் அப்பாவை "அண்ணாச்சி" என்பான். அப்பா அவனை "டேய் தெக்கத்தி" என்பார். எங்கள் வீட்டில் அவனுக்கென்று ஒரு தட்டே இருந்தது.

அந்த ஆடி மாதத்தில் அப்பாவின் வலது கை மிஷினில் மாட்டிக்கொண்டது. மூன்று விரல்கள் போய்விட்டன.

அன்றைக்கு அப்பா நின்றது அண்ணனுடைய ஷிஃப்ட்டில். அண்ணனின் அம்மா ஊரிலிருந்து ரயிலில் வருகிறாள், எழும்பூருக்குப் போய்க் கூட்டிவர வேண்டும் என்றான். "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்று அப்பா நின்றிருக்கிறார். அண்ணன் அம்மாவோடு திரும்பி வரும்போது எங்கள் வீட்டு வாசலில் கூட்டம் கூடி நின்றது. அவன் உள்ளே வரவில்லை. மறுநாள் அறையைக் காலி செய்துகொண்டு ஸ்ரீபெரும்புதூர் டவுனுக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டோம்.

அப்பா வீடு திரும்பியபோது அவரிடம் கம்பெனி எண்ணெய் வாசனை போய், ஆஸ்பத்திரி மருந்து வாசனை வந்திருந்தது. கட்டுப் பிரித்த பிறகும் கையை ஒரு பச்சைத் துண்டில் சுற்றியே வைத்திருப்பார். சாப்பிடும்போது திரும்பி உட்கார்ந்து இடது கையில் ஸ்பூன் பிடிப்பார். நிறையப் பேசுகிற மனிதர். இப்போது "ம்" என்பதோடு சரி. அம்மா எங்களிடம் ரகசியமாகச் சொல்லி வைத்தாள்: "அப்பா கைய பாக்காதீங்க. அதப் பத்தி எதுவும் கேக்காதீங்க. இன்னா?" நானும் பார்க்கவில்லை, கேட்கவில்லை. அதுதான் அன்பு என்று நினைத்தேன்.

அப்பா வெளியே வராததால், கூட்டம் எல்லாப் புதனும் எங்கள் வீட்டுக்கே வந்தது. வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். ஆனால் அவர்கள் அப்பாவின் முகத்தை மட்டுமே பார்த்துப் பேசினார்கள். மழை, நிலத்தின் விலை, புதிதாக வருகிற ரோடு. உபதேசியார், எல்லாவற்றுக்கும் ஆண்டவரிடம் ஒரு சித்தம் உண்டு என்று உருக்கமாக ஜெபிப்பார். அப்பா துண்டுக்குள் கையை இன்னும் ஆழமாகத் தள்ளிக்கொள்வார். அப்படியே இரண்டு மாதம் போயிற்று.

ஒரு புதன்கிழமை. ஜெபம் முடிந்து எல்லோரும் ஆமென் சொன்ன பிறகு ஒரு சின்ன அமைதி வருமே, அந்த நேரத்தில் தையற்கார அக்காவின் குட்டி அப்பாவின் முன்னால் போய் நின்றது. துண்டைத் தொட்டது.

"மாமா, உன் வெரலு எங்க?"

அக்கா பாய்ந்து போய் அதன் முதுகில் ஒன்று வைத்தாள். குட்டி வீறிட்டது. "இன்னா கத்துது?" என்று தாத்தா கேட்டார். யாரும் பதில் சொல்லாததால் இன்னும் சத்தமாக, "வெரலு பத்தி கேட்டுச்சா?" என்றார். எத்தனையோ வருடமாக எதுவும் காதில் விழாத மனிதருக்கு அன்றைக்கு அது விழுந்துவிட்டது, அல்லது கண்ணில் பட்டுவிட்டது. அப்பா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார்.

பெரியவர்கள் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் பேசி முடிவெடுத்தார்கள். "புள்ளைங்கள இட்டாந்தா இப்பிடித்தான் ஆவும்" என்றார் வேன் ஓட்டுகிற மாமாவின் மனைவி. அடுத்த வாரத்திலிருந்து பிள்ளைகளுக்குத் தையற்கார அக்கா வீட்டில் தனியாகக் கதையும் பாட்டும். தாத்தா அவ்வளவு தூரம் ரோட்டைத் தாண்டி வர வேண்டாம். உபதேசியாரே சனிக்கிழமை போய் அவருக்கு ஜெபம் செய்துவிட்டு வருவார். விவரம் தெரிந்த பெரியவர்கள் மட்டும் அப்பாவோடு அமைதியாக உட்காருவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நாம் போன ஞாயிறு சொன்னது போலவே, நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள்.

ஆனால் பின்கட்டில் நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் அப்பாவின் பின்னாலேயே போயிருந்தேன். அடிபம்புக்குப் பக்கத்தில் அவர் துண்டை எடுத்துவிட்டுக் கையை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையை நான் முதன்முறையாகப் பார்த்தது அப்போதுதான். என்னைக் கண்டதும் மறைக்கவில்லை.

"கேட்டுட்ச்சி பாரு" என்றார். "இத்தினி நாளா ஒருத்தரும் கேக்கல. அந்தப் பாப்பா கேட்டுட்ச்சி."

கோபமில்லை அவர் குரலில். ஏதோ பெரிய பாரத்தின் ஒரு முனையை யாரோ வந்து பிடித்துக்கொண்டது போல இருந்தது. வாசலில் பெரியவர்கள் வேறு மாதிரி முடிவு செய்துகொண்டிருந்தார்கள். பதினோரு வயதுப் பெண்ணிடம் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? நானும் அப்போது சொல்லவில்லை.

பெரியவர்களின் அமைதியான கூட்டத்தில் அப்பா ஒரே ஒரு வாரம் உட்கார்ந்தார். அடுத்த வாரம் தலைவலி என்றார். அதற்கடுத்த வாரம் கூட்டத்தை வேன் ஓட்டுகிற மாமா வீட்டுக்கே மாற்றிவிடுங்கள் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். ஜமுக்காளம் எங்கள் வீட்டை விட்டுப் போயிற்று. தினமும் மதியத்தில் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஓட்டாமல் வெறுமனே தள்ளிக்கொண்டு, எங்கோ போவார். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததாக யாரோ வந்து சொன்னார்கள். அதைக் கேட்டதும் அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. அன்று ராத்திரிச் சோற்றை அவள் தொடவே இல்லை.

நான் முடிவு செய்தேன். பெரிய முடிவெல்லாம் இல்லை. குட்டி திரும்பவும் அப்பாவிடம் கேட்க வேண்டும். தாத்தாவும் கூட இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு புதன்கிழமை. தையற்கார அக்கா வீட்டில் எங்களுக்குக் கதை சொல்ல வந்த பெண், படத்துக்கு வண்ணம் தீட்டக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள். நான் குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். தாத்தாவின் வீடு ரோட்டைத் தாண்டி இருந்தது. ஷிஃப்ட் விடுகிற நேரம். கம்பெனி பஸ்கள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போயின. குட்டி என் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டது.

தாத்தாவின் வீட்டு வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. உள்ளே யாரோ மெதுவாகப் பேசுகிற குரல் கேட்டது.

தெற்கத்தி அண்ணன்.

கட்டிலில் தாத்தா சாய்ந்திருக்க, அவன் தரையில் உட்கார்ந்து அவருடைய காலைப் பிடித்துவிட்டபடி பேசிக்கொண்டிருந்தான். "என் ஷிஃப்ட்டுலதான தாத்தா அவிய நின்னாவ. எனக்கு வந்திருக்க வேண்டியது. அவிய மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்..." தாத்தா தலையை ஆட்டிக்கொண்டு, "ஆமா, ஆமா, மழை விட்ருச்சி" என்றார்.

என்னைப் பார்த்ததும் அண்ணன் வெடுக்கென்று எழுந்தான்.

"ஏட்டி, நீ எங்க இங்க?"

"நீங்க எங்கண்ணே இங்க?"

அறையை மாற்றிக்கொண்டு போன பிறகும் புதன்கிழமை ஏழு மணி ஆனால் அவனால் சும்மா இருக்க முடியவில்லையாம். எங்கள் தெருவுக்குள் வரத் தைரியமில்லை. ஷிஃப்ட் ஒத்துவரும் புதன்களில் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டுப் போவானாம். "அவியளுக்குக் காது கேக்காதுல்லா. அதான் அவியட்ட சொல்லுதேன்" என்றான்.

"எங்கப்பா வூட்லதான் கீறாரு. வாங்க."

"நான் வரலட்டி. என்னப் போவ விடு."

நான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். அவன் அசையவில்லை. இழுபறியைப் பார்த்த தாத்தா கட்டிலிலிருந்து இறங்கித் தடியை எடுத்தார்.

"எங்க போறோம்?"

"கூட்டத்துக்கு!" என்று அவர் காதில் கத்தினேன்.

"என்னிய வர வேணான்னுட்டாங்களே?"

"நான் கூப்புடறேன் தாத்தா. வாங்க!"

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். நன்றாக இருட்டியிருந்தது. ரோட்டில் லாரியும் பஸ்ஸும் வந்தபடி இருந்தன. லாரி ஹார்ன் அவருக்குக் கேட்காது. என் இடுப்பில் குட்டி இருந்தது. அண்ணன் ஒரு நிமிடம் நின்று பார்த்தான். பிறகு "ஐயோ தாத்தா, நில்லுங்க" என்று ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ரோட்டைத் தாண்டியதும் விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்திருப்பான். தாத்தா அவனை விடவில்லை. சேறு வழுக்குகிறது என்று அவன் தோளில் பாரம் முழுவதையும் போட்டுக்கொண்டு எங்கள் வாசல் வரை வந்துவிட்டார்.

அப்பா மட்டும்தான் வீட்டில் இருந்தார். அம்மா கூட்டத்துக்குப் போயிருந்தாள். குட்டியை அவர் முன்னால் இறக்கிவிட்டேன். தாத்தா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அண்ணன் வாசலுக்கு வெளியே சுவரை ஒட்டி நின்றுகொண்டான்.

குட்டி அப்பாவையே பார்த்தது. போனமுறை வாங்கிய அடி நினைவிருக்கும் போல. என்னைத் திரும்பிப் பார்த்தது. "கேளு" என்றேன்.

"மாமா, வெரலு எங்க?"

"போய்ட்ச்சி கண்ணு."

"மிஷினு கட்ச்சிட்ச்சா?"

அப்பா சிரித்தார். எத்தனை நாளைக்குப் பிறகு! "மிஷினு இன்னா நாயா, கடிக்க? மாமா தூங்கிட்டேன். மொத நாளும் ஓ.டி., அன்னிக்கும் ஓ.டி. கண்ணு சொக்கிச்சி. கைய எடுக்கறதுக்குள்ள எறங்கிட்ச்சி."

"யாரு தூங்க சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நிக்க சொல்லியும் யாரும் சொல்லல. நானாதான் நின்னேன்."

"வலிக்கிதா?"

அப்பா துண்டை எடுத்தார். "இருக்கிற வெரலு வலிக்கல. இல்லாத வெரலுதான் வலிக்கிது. ராத்திரில ரொம்ப வலிக்கிது. யார்கிட்ட சொன்னா நம்புவாங்க?"

குட்டி நம்பியது. அதற்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. விரல் இருந்திருக்க வேண்டிய வெற்றிடத்துக்கு நேராக வாயைக் கொண்டுபோய் ஊதியது. "உஃப்... உஃப்... போச்சா?"

"போச்சி" என்றார் அப்பா.

வாசலில் தேம்பல் கேட்டது. அப்பா நிமிர்ந்தார்.

"யார்ரா அங்க? தெக்கத்தியா? இன்னாடா, வாசல்லியே நின்னுகினு கீற?"

அண்ணன் உள்ளே வந்து அப்பாவின் முழங்காலருகே அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அண்ணாச்சி..." என்றான். அப்பா வலது கையைத்தான் அவன் தலையில் வைத்தார். "பைத்தியக்காரா. உன்னால ஆவல. நீ இத்தினி நாளா வராததுதான் எனக்கு ஆவல" என்றார்.

தாத்தா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "டீ கீ இல்லியா இந்த வூட்ல?" என்று கேட்டார்.

நான் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருக்கும்போதே தெருவில் கூச்சல். குட்டியைக் காணோம் என்று ஊரே தேடிக்கொண்டிருந்தது. தையற்கார அக்கா அழுதுகொண்டே முதலில் ஓடிவந்தாள்; பின்னால் அம்மா, உபதேசியார், மற்றவர்கள். அக்கா மகளைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் என் கன்னத்தில் அறைந்தாள். அந்த அறை எனக்கு வர வேண்டியதுதான். இப்போது எனக்கும் பிள்ளைகள் உண்டு.

"அடிக்காதம்மா" என்றார் அப்பா. எல்லோரும் அப்போதுதான் கையைப் பார்த்தார்கள். துண்டில்லாமல் இருந்த அந்தக் கை அண்ணனின் தோளில் இருந்தது. "அது சொல்லாம தூக்கினு வந்தது தப்புதான். ஆனா ஒண்ணு சொல்லிட்றேன். இனிமே கூட்டம்னா இதுங்க எல்லாம் இருக்கணும். இந்தக் குட்டி, பெரியவரு, எல்லாரும். இல்லன்னா என்னிய கூப்புடாதீங்க."

உபதேசியார் வாசற்படியில் நின்றார். தாத்தாவை, குட்டியை, அண்ணனை மாறி மாறிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "கூட்டம் இங்கதான் நடந்துகினு இருந்திருக்குது" என்றார். "நாங்க அங்க சும்மா உக்காந்துகினு இருந்தோம்."

எல்லாம் அன்றோடு சரியாகிவிடவில்லை. அக்கா ஒரு மாதத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. வேன் ஓட்டுகிற மாமாவின் மனைவி, இந்தச் சத்தத்தில் ஜெபிக்க முடியாது என்று வேறு சபைக்குப் போய்விட்டாள். அப்பாவைக் கம்பெனியில் ஸ்டோருக்கு மாற்றினார்கள். அந்த வேலை அவருக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை. ராத்திரி வலியும் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வலிக்கிறது என்று சொல்ல அவருக்கு ஆட்கள் இருந்தார்கள். ஏரிக்கரைக்கு அவர் தனியாகப் போகவில்லை. தாத்தா இறந்தபோது பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியவன் தெற்கத்தி அண்ணன். பின்பக்கத்தில் ஒரு மூலையை அப்பா தோளில் தாங்கினார்.

அன்று அந்தப் பெரியவர்கள் இருந்த வயதில்தான் இன்று நாம் இருக்கிறோம். அவர்கள் ஏன் கேட்கவில்லை என்று இப்போது எனக்குப் புரிகிறது. நம் வயதில் மரியாதை அதிகமாகிவிடுகிறது. மற்றவர் மனம் நோகுமே என்ற பயமும், நம் மனம் நோகுமே என்ற பயமும் சேர்ந்து வாயைக் கட்டிவிடுகின்றன. நமக்குள்ளேயே ஒருவர் ஆறு மாதமாகக் கம்பெனி பஸ்ஸில் ஏறவில்லை. காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்புகிறார். எங்கே போகிறார் என்று தெரியாது. வேலை போய்விட்டது என்று மட்டும் நமக்கெல்லாம் தெரியும். ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் இதைப் படித்தால் என்னை மன்னிக்கட்டும். நாம் நம் வயதுக்காரர்களாக மட்டும் உட்கார்ந்தால் இன்னும் ஆறு மாதத்துக்கும் கேட்கமாட்டோம். கம்பெனி ஹாஸ்டலிலிருந்து நம் கூட்டத்துக்கு வருகிற அந்தத் தெற்கத்திப் பெண்கள் ஒருவேளை கேட்பார்கள். யாராவது ஒரு குழந்தை நிச்சயம் கேட்கும்.

நேற்று ஆயருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். "எல்லாரும் சரின்னாங்களேம்மா, நீங்கதானே மொதல்ல சொன்னீங்க?" என்றார்.

"ஆமாங்க ஐயா. தப்பா சொல்லிட்டேன்" என்றேன்.

மற்றக் கூட்டங்களை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளுங்கள். இந்தப் புதன் ஏழு மணிக்கு என் வீட்டில் ஒரு கூட்டம் உண்டு. ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்தாலும் சரி, பாதியில் தூங்கிப்போனாலும் சரி. மாமனாரைக் கைபிடித்துக் கூட்டி வாருங்கள். குழந்தைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.